பெண் வீடு, பிள்ளை வீடு, ஒரு தரவுத்தளம்

படிக்காதவன் தவறு செய்தால் உறவினர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறார்கள். படித்தவன் செய்தால் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கிறார்கள். என் மகளின் திருமணம் பற்றி இரு குடும்பங்களிலும் உலவிவரும் கதை பெருமளவு மிகைப்படுத்தப்பட்டது என்பதை எழுத்தில் பதிவு செய்யவே இக்கட்டுரை.

நான் கல்லூரியில் டேட்டாபேஸ் எனப்படும் தரவுத்தளம் கற்பித்தவன். (பழைய மாணவர்கள் இன்றும் வண்டியை விட்டு இறங்கித்தான் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள்.) முகூர்த்தம் பௌர்ணமிக்கு மறுநாள். அந்நாளில் திருவண்ணாமலையில் அறை கிடைப்பது எளிதன்று. ஆயினும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் செங்கம் சாலை விடுதியில் ஏசி அறைகளும், எங்கள் உறவினருக்கு மலைக்குப் பின்புறம் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் ஒரு கூடமும் பாய்களும் முன்கூட்டியே பிடித்துவிட்டேன். யாருக்கு எங்கே இடம் என்பதை ஒரு தரவுத்தளத்தில் ஏற்றினேன்.

அதனுள் இரண்டு ஸ்கீமாக்கள்: பெண் வீடு, பிள்ளை வீடு. ஸ்கீமா என்பது ஒரே வீட்டுக்குள் தடுத்த தனி அறை போன்றது. இரண்டிலும் ‘விருந்தினர்’, ‘தங்குமிடம்’ என்று ஒரே பெயரில் அட்டவணைகள் இருக்கலாம். எந்த ஸ்கீமா என்று முன்னால் சேர்த்துச் சொன்னால் குழப்பமில்லை. சொல்லாவிட்டால், தேடும் வரிசையில் எது முதலில் நிற்கிறதோ அதையே கணினி எடுத்துக்கொள்ளும். ஸ்கீமாவின் பெயரை எழுதாத மாணவர்களுக்கு நான் ஈவிரக்கமின்றி மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

அதைத்தான் நான் எழுதவில்லை. பிள்ளை வீட்டு விருந்தினரைச் சரியாகவே எடுத்தேன். தங்குமிடத்துக்கு முன்னால் மட்டும் ஸ்கீமாவின் பெயர் விடுபட்டது. வரிசையில் முதலில் நின்றது பெண் வீடு. (மகள் மீதுள்ள பாசத்தால் நானே அப்படி வைத்தேன்.) வந்த பட்டியலைச் சரிபார்க்காமல் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

பௌர்ணமியன்று மதியம் மைத்துனன் சேகர் கூடத்திலிருந்து அழைத்தான்.

“மாமா, மாப்பிள்ளை வூட்டு ஆளுங்க அத்தினி பேரும் இங்கயே வந்துட்டாங்க! நம்ம பெரியம்மாவோட பாயில உக்காந்துனு இருக்காங்க!”

“ஏசி ரூம்?”

“பூட்டியே கெடக்குதாம்.”

நான் போய்ச் சேர்வதற்குள் கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தோடு நடந்தே சென்றேன். சம்பந்தி பெட்டி மீது அமர்ந்திருந்தார்.

“ஏன் சம்பந்தி, பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா நேராவே சொல்லியிருக்கலாமே? வண்டி கெடைச்சா இப்பவே வேலூருக்குத் திரும்பிடுவோம்.”

என் மகளின் திருமணம் ஒரு வண்டி கிடைக்காததால் மட்டுமே நின்றுபோகாமல் இருந்தது. அந்நிலையில் நான் என்ன செய்தேன்? நின்றபடியே ஸ்கீமாவை விளக்கத் தொடங்கினேன். தவறுக்குக் காரணம் கூறுவது நாகரிகம் அல்லவா?

“பாயில உக்கார வெச்சதும் இல்லாம பாடம் வேற நடத்தறாரு!” என்றார் மாப்பிள்ளையின் அத்தை.

வந்த வழியே நடந்தால் செங்கம் சாலை பக்கம்தானே என்றேன். அத்தை எழுந்தே விட்டார்.

“பௌர்ணமி அன்னிக்கு மலையை எதிர்ச்சுத்தா சுத்தச் சொல்றீங்களா? நாளைக்குக் கல்யாணம்ங்க!”

ஆகவே வலமாகவே, ஊருக்குள் நுழைந்து, கோயிலைக் கடந்து, செங்கம் சாலை வரை நடந்தோம். அத்தையின் பெட்டி என் தலையில். (உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை சொல்ல மறுக்கிறார்.) பாதி வழியில் என் பழைய மாணவன் ஒருவன் வணக்கம் சொன்னான். கையை எடுத்தால் பெட்டி விழுந்துவிடும். புருவத்தால் பதில் வணக்கம் வைத்தேன். ஈசான்ய லிங்கத்தருகே மூச்சு முட்ட நின்று, சம்பந்தியிடம் ஒரே வரியில் சொன்னேன்: “தப்பு என்னுதுங்க.”

அவர் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாங்கிக்கொண்டார். “இதை அங்கயே சொல்லியிருந்தா, எல்லாருமே பாயில படுத்திருப்போமே சம்பந்தி!”

திருமணம் நடந்தது. அன்று முதல் சம்பந்தி, கல்யாணத்துக்கு முதல்நாள் தம் குடும்பத்தையே கிரிவலம் அழைத்துப்போன பக்திமான் என்று என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்கிறார். மாப்பிள்ளை ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து, “மாமா, பாயா, ஏசியா?” என்கிறார்.

பேரனின் காதுகுத்துக்கு என் மனைவி ஒரு நோட்டில் விருந்தினர் பட்டியல் எழுதினாள். ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் எந்த வீடு என்று குறித்திருந்தாள். ஒரு பிழையும் நேரவில்லை. இதுதான் ஸ்கீமா என்றேன்.

“இது நோட்டுங்க” என்றாள்.