நெவெங்காவின் பச்சைக் கவுன்

மதிப்பிற்குரிய மைத்துனர் திஹோமிர் அவர்களுக்கு,

தங்கை கணவன் பெரிஸ்லாவ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே தீவில் வெயில், கடல், மத்தி மீன் எல்லாம் நலம். உங்கள் தங்கை நெவெங்கா மிக மிக நலம்; அளவுக்கு மீறி நலமாக இருக்கிறாள் என்று முறையிடத்தான் இந்தக் கடிதம். கார்லோவாட்ஸில் உங்கள் நலமும் டயர் கடையின் நலமும் அறிய ஆவல்.

ஈஸ்டர் விருந்தில் பன்றித்தொடையைக் கடித்துக்கொண்டே, "நீங்க அம்மணமாத் திரியற அந்த முகாமுக்கும் நீலப்படத்துக்கும் என்னய்யா வித்தியாசம்?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினீர்களே, அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். உங்கள் கடைச் சுவரில் தொங்கும் காலண்டர்க்காரி உடம்பில் கொஞ்சம் துணி இருக்கிறது. ஆனாலும் கண்டவன் பார்த்து ஏங்குவதற்காகவே அவளை அப்படி நிற்க வைத்திருக்கிறார்கள். இங்கே யார் உடம்பிலும் பொட்டுத் துணி கிடையாது, யாரும் யாரையும் பார்ப்பதும் கிடையாது. நாற்காலியில் துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும், கேமராவை எடுக்கக்கூடாது, முறைத்துப் பார்ப்பவனைப் பெட்டி படுக்கையோடு படகில் ஏற்றிவிடுவார்கள். தொப்பையும் ஆபரேஷன் தழும்புமாக வெயில் காய்ந்துகொண்டு தக்காளி விலையைப் பேசிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

அதனால்தான் பக்கத்துக் கூடாரத்து ஆஸ்திரியாக்காரர் ஹெல்மூட்டோடு உங்கள் தங்கை வருஷக்கணக்காகப் பிறந்த மேனியாக இரும்புக் குண்டு உருட்டி விளையாடியும் எனக்கு ஒன்றும் ஆனதில்லை. ஆனால் சனிக்கிழமை மாலை நடனத்துக்கு மட்டும் எல்லோரும் உடுத்தியாக வேண்டும். நான் எண்ணெய் தெறிக்காமல் இருக்க ஏப்ரனை மட்டும் கட்டிக்கொண்டு மத்தி பொரித்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, இந்த ஜிப்பைக் கொஞ்சம் இழுத்து விடுங்க" என்றாள். "கையெல்லாம் எண்ணெய்" என்றேன், திரும்பாமலே. திரும்பிப் பார்த்தபோது ஹெல்மூட் ஒரு கையால் அவளுடைய பச்சைக் கவுனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஜிப்பை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார், இவள் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள்! ஊரே அவிழ்க்கும் இடத்தில் இந்த ஆள் என் மனைவிக்கு உடுத்திவிடுகிறார், மைத்துனரே! ஏப்ரனோடு அடுப்படியிலேயே நின்ற எனக்கு, நடனம் முடியும்வரை அந்தக் கவுனை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

காலையில் முகாம் பொறுப்பாளர் மிலேனாவிடம் போனேன்.

"ஹெல்மூட் என் பெண்டாட்டியப் பார்க்கிறாரு."

"எங்க, கடற்கரையிலயா?"

"இல்ல, நடனத்துல."

"அப்ப அவங்க என்ன போட்டிருந்தாங்க?"

"கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் கவுன்."

"அம்மணமா இருக்கிறவங்களை முறைக்கக்கூடாதுன்னுதான் இங்க சட்டம். உடுத்தினவங்களையும் பார்க்கக்கூடாதுன்னா நான் ஊரையே இல்ல இழுத்து மூடணும்?"

கூடாரத்துக்கு வந்ததும் நெவெங்காவைப் பார்த்துக் கத்தினேன்: "மானம் மரியாதையோட துணியைக் கழட்டிட்டு இரு, சொல்லிட்டேன்!"

அவள் நிதானமாகச் சொன்னாள்: "இத்தனை வருஷமா உங்க முன்னாடி துணியில்லாமத்தானே நடக்கிறேன்? நீங்க மத்தி மீனைத்தான் பார்த்தீங்க. இன்னொருத்தர் ஜிப்பை இழுத்தப்புறம்தான் எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கிறதே உங்களுக்குத் தெரிஞ்சுதாக்கும்? வர்ற சனிக்கிழமையும் அதே கவுன்தான். யாரு கை சும்மா இருக்கோ அவங்க இழுக்கட்டும்."

இவள் கையை விட்டுப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் உடனே கிளம்பி வந்து, அண்ணன் என்ற முறையில் அந்தக் கவுனைப் பறிமுதல் செய்துகொண்டு போக வேண்டும்.

உங்கள் வீட்டார் எல்லோருக்கும் என் அன்பு. மாதா உங்கள் கடையையும் வலிக்கிற முழங்காலையும் காப்பாளாக.

உங்கள் அன்பு மைத்துனன்,
பெரிஸ்லாவ்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். இதை ஒட்டப் போகும் நேரத்தில் நெவெங்கா அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து இழுத்தேன். பாதியில் சிக்கிக்கொண்டது. "கீழ ஒரு கையால துணியைப் பிடிச்சுக்குங்க" என்று ஹெல்மூட் தன் கூடாரத்திலிருந்தே சொல்லிக்கொடுத்துவிட்டு, நாகரிகமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷர். நடனத்துக்குப் போட்டுக்கொள்ள என்னிடம் ஏப்ரனைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டுச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது, என் கல்யாணக் கோட்டைச் சனிக்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள். பொத்தான் எட்டாதுதான், பரவாயில்லை, நெவெங்கா எப்படியாவது போட்டுவிடுகிறாளாம்.