கவரண்ணை எல் போட்ட கதை

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் இன்சூரன்ஸ்காரருக்கே பயம் காட்டிய ஒரே மனிதர் எங்கள் கவரண்ணைதான். அவருடைய குரல் கேட்டால் அந்தப் பக்கத்தில் போனை ஆளுக்காள் மாற்றிக் கொடுப்பார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன்.

குவேக்கர்ஸ் ஹில்லில் எல்லாருக்கும் அவர் கவரண்ணை. எனக்கு அத்தான், என் அக்காவின் புருசன். எதைத் தொட்டாலும் "இதுக்குக் கவர் இருக்கோ?" என்பார், அதாவது நட்டம் வந்தால் இன்சூரன்ஸ் காசு தருமோ என்று. ஹரிஸ் பார்க்கில் ஒரு கடையில் கடலை உருண்டை வாங்கப் போய், "பல்லு உடைஞ்சா கவர் இருக்கோ?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் உருண்டையைத் திருப்பி வாங்கி உள்ளே வைத்துவிட்டாராம்.

இருபது வருசமாக அக்காதான் கார் ஓடினாள். இவர் பக்கத்தில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொல்லுவார். பிறகு அக்காவின் கண் மங்கத் தொடங்கியது. இனி ஓடக்கூடாது, மாதம் ஒருக்கா கண்ணில் ஊசி போடவேண்டும் என்றார் டொக்டர். வந்த கோபத்தில் அவள் காரை விற்றாள். விற்றுவிட்டு, "இனி நான் ஆரின்ரயோ கையைப் பாத்துக்கொண்டு வீட்டுக்குள்ளயே கிடக்க வேண்டியதுதான்" என்று அழுதாள். அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அத்தானும் பார்த்ததில்லைப் போல. அடுத்த கிழமையே பரீட்சை எழுதி, ஓடப் பழகுகிறவர் என்று காட்டும் மஞ்சள் எல் அட்டையோடு என் வாசலில் வந்து நின்றார், ஐம்பத்தாறு வயதில். பழகுவதற்கு என் கார். பக்கத்தில் முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்கவேண்டும் என்பது சட்டம். அது நான். என் தலைவிதி.

ஆனால் என் இன்சூரன்சில் தன் பெயரைச் சேர்க்காமல் கார்த் திறப்பைக் கையில் வாங்கமாட்டேன் என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார். அந்தப் பக்கத்துப் பெண், "அவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அக்காவின் கணவர் என்றேன்.

அத்தான் என் கையைப் பிடித்து உலுக்கினார். "முழுக்கச் சொல்லு மச்சாள்! நான் உன்ர மாமான்ர மகன் எண்டதையும் சொல்லு. பிறகு மறைச்சிட்டியள் எண்டு கவரை நிப்பாட்டிப் போடுவாங்கள்!"

அதுவும் உண்மைதான். அவருடைய அப்பா எங்கள் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். கலியாணத்துக்கு முதலும் அத்தான், பிறகும் அத்தான். எங்கட ஆக்களுக்கு இது ஒரு விசயமா? அந்தப் பெண்ணுக்கு விசயம்தானே! சொல்லவேண்டாம் என்று நான் கண்ணைக் காட்ட, அவரே சொல்லிவிட்டார்.

"உங்கள் அக்கா... சொந்த மாமாவின் மகனையா கட்டியிருக்கிறார்?"

"யெஸ்! சொந்த மாமா!" என்றார் அத்தான் பெருமையாக.

அவள் எங்கேயோ போய் யாரையோ கேட்டாள். பாட்டுப் போனது, நிறைய நேரம் போனது. திரும்பி வந்து, ஒரு உறவு போதும் என்றாள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவர் விடுகிற ஆளா? கங்காரு குறுக்கே பாய்ந்தால்? ஆலங்கட்டி விழுந்தால்? பிறேக்குக்குப் பதிலாக மற்றதை மிதித்தால்? "இவ பக்கத்தில இருந்து கத்தி, அந்தப் பயத்தில நான் மதிலோட மோதினா?" எல்லாவற்றுக்கும் கவர் இருந்தது. கடைசியாக, "பக்கத்தில இருக்கிற ஆளுக்கு?" என்றார். இது காருக்கான இன்சூரன்ஸ், ஆட்களுக்குக் காயம் பட்டால் அது வேறு என்றாள் அவள்.

"அப்ப இது காருக்கு மட்டுமோ?" என்றவரின் முகம் கறுத்துப்போனது. அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் செவன் ஹில்ஸ் தொழிற்சாலைப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். அங்கேதான் பழகினோம். அவர் ஓடிய வேகத்தில் ஒரு மக்பைக் குருவி எங்களுக்கு முன்னால் ஆறுதலாக நடந்து போனது. அப்படியிருந்தும் நான் கதவுப் பிடியை விட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் விரல் நோகும்.

ஒருநாள் அங்கேயிருந்த ரவுண்டபவுட்டுக்குள் புகுந்தவர் வெளியே வரவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாலு சுற்று.

"வெளிய போங்கோ அத்தான்!"

"பயமாக் கிடக்கு மச்சாள்!"

"எனக்கும்தான் பயமாக் கிடக்கு!"

ஐந்தாவது சுற்றில் என் பக்கத்து ரோட்டால் ஒரு பெரிய லொறி நிற்காமல் உள்ளே வந்தது. அதன் முன்பக்கக் கம்பிகளை எண்ணியிருக்கலாம், அவ்வளவு கிட்ட. செத்தேன் என்றே நினைத்தேன். அத்தான் பிறேக்கை மிதித்தார். அதே நேரம் அவருடைய இடக்கை பாய்ந்து வந்து என் முன்னால் குறுக்கே நின்றது. லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசாமல் போனது.

"உனக்கு ஒண்டுமில்லையே? உனக்கு ஒண்டுமில்லையே?" அந்தக் கை இறங்கவில்லை. கவர் என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. நானோ பயத்தில் அவரைத்தான் ஏசினேன்.

"கையை ஸ்டியரிங்கில வையுங்கோ! எனக்கு பெல்ட் கிடக்குத்தானே!"

"பெல்ட் கிடக்கு. எனக்குப் பயம் போகேல்லையே."

அந்தக் கை அதற்குப் பிறகு பழகிவிட்டது. பிறேக்கைத் தொட்டால் கை போய்விடும். டெஸ்டில் பக்கத்தில் இருந்த அதிகாரியின் நெஞ்சுக்குக் குறுக்கேயும் நீட்டி, இரண்டு தரம் பெயில் ஆனார். மூன்றாம் தரம் எப்படியோ கையை அடக்கிப் பாஸ் பண்ணினார்.

போன மாதம் அக்காவை ஊசிக்குக் கூட்டிப் போனபோது, அவர்கள் புதிதாக வாங்கிய சின்னக் காரில் நானும் பின்சீட்டில் இருந்தேன். ஒவ்வொரு சிவப்பு லைற்றுக்கும் அத்தானின் கை அக்காவின் முன்னால் போனது. எனக்குக் கோபம் கெதியா வரும்.

"அக்கா, இந்தாளை அந்தக் கையை நிப்பாட்டச் சொல்லன்!"

"விடடி," என்றாள் அக்கா. "எனக்கு லைற் ஒண்டும் வடிவாத் தெரியிறேல்ல. இவற்ற கை வந்தாத்தான் சிவப்பு எண்டு தெரியும்."

பச்சை விழுந்தது. கை இன்னும் இறங்கவில்லை. பின்னால் நின்ற கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். நான் திரும்பி அவரை முறைத்தேன்.