பேய்க்கு வந்த கௌரவம்

போஸ்டரில் பேயைக் காணோம்.

இயக்குநர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு இன்னொரு முறை பார்த்தார். 'வராண்டாவில் பேய்' என்று அவர் பெயர் வைத்த படம், திரைப்பட விழா போஸ்டரில் வெறும் 'வராண்டா'வாக நின்றது. கீழே தங்க எழுத்தில் 'உயர்தரத் திகில் பிரிவு' என்று வேறு போட்டிருந்தார்கள்.

"உயர்தரமா? அப்ப இதுக்கு முன்னாடி நான் எடுத்ததெல்லாம் என்ன, குப்பைத்தொட்டியில பொறுக்கினதா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். பக்கத்தில் வந்த ஆள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? அதே ஓட்டைக் கேமரா. அதே பேய், அதாவது அவருடைய மச்சினி. எல்லாப் படத்திலும் அவள்தான். வீட்டிலேயே முகத்தில் மாவையும் மையையும் அப்பிக்கொண்டு, முடியை முன்னால் விரித்துப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி ஷூட்டிங்குக்கு வந்துவிடுவாள். கண்டக்டர்களுக்குப் பழகிவிட்டது. வந்த பிறகு யாரும் அவளோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது, அது இயக்குநரின் சட்டம். பேசினால் சிரிப்பாள், சிரித்தால் மாவு உதிரும். அப்படியும் சிரித்துத் தொலைப்பாள், இவர் திட்டித் திட்டித் தொண்டை கட்டிப்போகும். இந்தப் படத்தில்தான் புத்தி வந்து ஒரே டேக்கில் முடித்துக்கொடுத்தாள்.

தயாரிப்பாளருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, பேய் எங்கண்ணே?"

"கத்தாத தம்பி. பேய்னு போட்டா நடுவருங்க முகம் சுளிக்கிறாங்க. விருது வாங்கிட்டா குஷன் சீட்டு தியேட்டர்ல போடுவாங்க."

"நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க? பக்கத்து சீட்டுக்காரன் கையைப் புடிச்சுக்கிட்டு அலறுறதுக்குன்னே வர்றவங்கண்ணே!"

"அந்தத் தியேட்டர்ல அலறினா வெளிய அனுப்பிடுவாங்க தம்பி."

பேய்ப் படம் பார்த்து அலறினால் வெளியே அனுப்புவார்களாம்! இத்தனைக்கும் மூலகாரணம் அந்த விமர்சகர். பழைய படங்களையெல்லாம் 'மலிவான கூச்சல்' என்று கிழித்தவர், இதை மட்டும் 'காவியம்' என்று எழுதி விழாவுக்குத் தள்ளிவிட்டிருந்தார். இயக்குநர் நேரே பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் அவர் மேஜையைத் தட்டினார்.

"சார், அது பேய்ப் படம். அப்படின்னு எழுதுங்க."

"அதுல பேயே இல்லையே சார். வராண்டாவுல நிக்கிற அந்த உருவம், மனுஷனோட ஆறாத துக்கம்."

"துக்கமும் இல்ல, தூக்கமும் இல்ல. அது என் மச்சினி!"

விமர்சகர் கண்ணாடியைக் கழற்றினார். "அடடா! துக்கத்தையே உறவாக்கிட்டீங்களே!" என்று குனிந்து எழுத ஆரம்பித்தார்.

மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது: 'துக்கம் என் மச்சினி: மனம் திறக்கிறார் இயக்குநர்'.

"என் தங்கச்சி உங்களுக்குத் துக்கமா?" மனைவி காபி டம்ளரை நங்கென்று வைத்தாள். "அவளைக் கூலி இல்லாத பேயா வேலை வாங்கினப்ப இனிச்சுதோ?"

இதைச் சரிக்கட்ட டி.வி.க்குப் போனார். அங்கே போய்ப் பொறுமையாகப் பேசியிருக்கலாம். மனுஷனுக்கு அது வருமா? "பேய்! பேய்! பேய்!" என்று கேமராவைப் பார்த்துக் கத்திவிட்டு மைக்கைப் பிடுங்கி எறிந்தார். அன்று மாலையே நாலு பேர் உட்கார்ந்து, அந்த மூன்று பேயும் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று விளக்கினார்கள்.

முடிவெட்டப் போன இடத்தில்தான் உண்மையான அடி விழுந்தது.

"பெரிய ஆளாயிட்டீங்க சார்," என்றார் முடிதிருத்துபவர், கத்தரியை நிறுத்தாமல். "உங்க படம் ஒண்ணு விட்டதில்ல நாங்க. இது படிச்சவங்க படமாமே? நமக்குப் புரியாது, போக வேணாம்னு வீட்ல சொல்லிட்டா."

அலறுவதற்கு ஆளே வராத பேய்ப் படத்தை எடுத்து என்ன பிரயோஜனம்? பாதி வெட்டிய தலையோடு இயக்குநர் எழுந்து மச்சினி வீட்டுக்குப் போனார்.

"நாளைக்கு விருது மேடைக்கு வா. வராண்டாவுல நின்னது நான்தான்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"ஐயோ அத்தான், எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"நான்தான் பேய், நான்தான் பேய்னு சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டியே, இப்ப மட்டும் என்ன வெக்கம்?"

அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு தலையாட்டினாள்.

மறுநாள் மேடையில் விமர்சகர் விருதை நீட்டினார். "பேய் என்ற மலிவான பொருளே இல்லாமல் நம்மை நடுங்க வைத்த இந்தக் கலைஞர்..."

இயக்குநர் மைக்கைப் பறித்தார்.

"போதும் நிறுத்துங்க! நல்லா இருந்தா அது பேயா இருக்கக் கூடாதா? துக்கம்னு பேர் மாத்தினாத்தான் உள்ள விடுவீங்களா? பயந்து அலறுறவன் உங்களுக்கு மட்டமா? அவன் அலறலைக் கேட்டுத்தான்யா நான் சோறு தின்னேன்! நீங்க இப்ப நடுங்கினீங்கல்ல, அவனும் அதே நடுக்கம்தான் நடுங்கினான். அது துக்கம் இல்ல, தத்துவம் இல்ல. பேய்! சாதாரணப் பேய்! இதோ நிக்கிறா பாருங்க. சொல்லு, அந்த வராண்டாவுல நின்னது யாரு?"

பின்னால் பெரிய திரையில் வராண்டாக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மச்சினி திரும்பி, அந்த வெள்ளை உருவத்தை மேலும் கீழும் பார்த்தாள். மைக்கை அவள் வாயருகே கொண்டுபோனார் இயக்குநர்.

"திட்டாதீங்க அத்தான்," என்றாள் அவள். "அன்னைக்கு கண்டக்டர் புதுசு, அந்த மூஞ்சியோட பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டான். நீங்க வேற யாரையோ நிக்க வச்சு எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். நான் ஷூட்டிங்குக்கு வரவே இல்ல."