எழுபத்திரண்டு செய்திகளும் ஒரு ஜும்ஆவும்

பட்டியல் போடாமல் நான் எதையும் செய்வதில்லை. என் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானத்துக்கும் முறைப்படி பட்டியல் போட்டிருந்தேன். மொத்தம் ஏழு படிகள். ஏழையும் ஒழுங்காக முடித்தேன்.

மாத்தளையில் மிளகும் கிராம்பும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் சேர்ந்து (பிரிவில் நான் ஒருத்திதான்) ஆறு மாதம் முடியும் வெள்ளிக்கிழமை அது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் முதலாளி ஹாஜியாரின் மேசையில் தயாராக இருந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்குள் எதையாவது சாதித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அலுவலகக் கணினிகளின் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிக்கு நெட்வொர்க் சுவிட்ச் என்று பெயர். புதிதாக வாங்கியது கொஞ்சம் விவரமான சுவிட்ச். எந்த வயரில் தொடர்பு அறுந்தாலும், திரும்ப வந்தாலும், போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். யாருக்கு அனுப்புவது என்று அது கேட்டது.

சரியான விடை, எனக்கு மட்டும். ஆனால் ஒருவருக்குச் சொல்லி இன்னொருவரை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். (அக்காவின் கல்யாண அழைப்பிதழ் கிடைக்காத யட்டவத்த மாமா நான்கு வருடமாக எங்களோடு பேசுவதில்லை.) எனவே ஹாஜியார் தொடங்கி லொறி சாரதிகள் வரை எல்லோருடைய எண்ணையும் போட்டேன்.

பிறகு, செய்தி வருகிறதா என்று சோதிக்க, சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது என்பதால், அலுவலகம் காலியாகும் ஜும்ஆ நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு வயராகத் தொடர்பு திரும்பி, இருபத்து நான்கு பச்சை விளக்குகளும் எரிந்தன. என் போனுக்கு மட்டும் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. மறுபடி அணைத்துப் போட்டேன். அதன் பிறகும் ஒருமுறை. (போன் கைப்பைக்குள் சத்தமில்லாமல் இருந்தது. அலுவலகத்தில் போன் அலறுவது அநாகரிகம் என்பது என் கொள்கை.)

சாப்பிட்டுவிட்டு மேசைக்கு வந்த கணக்குப் பிரிவு யோகா அக்கா கத்தினார்.

"தங்கச்சி, என் போனுல எழுவத்திரெண்டு மெசேஜ் வந்திருக்கு! என்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"உங்களுக்கு மட்டுமா அக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே, பள்ளிவாசலில் இருக்கும் எங்கள் ஆட்களை மனதுக்குள் எண்ணத் தொடங்கியிருந்தேன். பதினொரு பேர்.

ஒன்றரை மணிக்கு வேன் வந்தது. முதலில் இறங்கிய ஸ்டோர் பாரூக் நானா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மௌலவி பயான் பேச்ச நிப்பாட்டிட்டு எங்களயே பாத்தாரு புள்ள. நான் என் போன அமத்தினா ஹாஜியார்ட அடிக்குது, அவர் அமத்தினா சாரதி றியாஸ்ட அடிக்குது. எங்க கம்பெனி ஆக்கள் யார் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

ஹாஜியார் என் மேசைக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்து நிதானமாக வாசித்தார்.

"இருவத்தி நாலாவது வயர் நல்லா இருக்குதாம். அல்ஹம்துலில்லாஹ். அத இப்ப யாரு கேட்டது, மகள்?"

"மன்னிச்சுக்குங்க ஹாஜியார்."

"போன அமத்தாமப் போனது எங்க பிழ. அத எழுவத்திரெண்டு தடவ ஞாபகப்படுத்தினது ஒங்க பிழ."

தன் மேசைக்குப் போய், கடிதத்தை எடுத்து லாச்சிக்குள் போட்டு இழுத்து மூடினார். "இன்னும் மூணு மாசம் பாப்போம்."

அந்த மூன்று மாதமும் எந்தப் பெட்டியும் என்னைத் தவிர யாருக்கும் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டேன். கையெழுத்து விழுந்தது. ஆனால் அதற்குள் ஒரு வழக்கமும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் என் மேசை முன்னால் வரிசையாக வந்து, போனை அணைத்து, திரையை என்னிடம் காட்டிவிட்டுத்தான் வேனில் ஏறுகிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் இதைக் கம்பெனிச் சட்டம் என்றே நினைக்கிறார்கள்.

போன வாரம் சேர்ந்த சாரதி ஒருவர், "மிஸ், என்ட போன் செத்து ரெண்டு நாள். இதுக்கு என்ன மெசேஜ் வரப்போகுது?" என்றார்.

பின்னால் நின்ற பாரூக் நானா அவர் தோளில் கை வைத்தார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க தம்பி. இந்தப் புள்ள நெனச்சா வரும்."