வாசலில் தேர்வு எழுதுகிறவர்கள்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. கல்லூரியில் சேர்ந்திருப்பது தம்பி. மொழித் தேர்வு எழுதப்போவதும் தம்பி. ஆனால் வியர்ப்பது இவர்களுக்கு. தேர்வறைக்கு வெளியே நின்று, மூடிய கதவை முறைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களைவிடக் கஷ்டப்பட்டுத் தேர்வு எழுதும் இவர்களுக்கு 'வாசல் தேர்வர்கள்' என்று நானே பெயர் வைத்திருக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சில கல்லூரிகளில் எந்தப் பாடம் எடுத்தாலும் கூடவே ஓர் அயல்மொழியிலும் தேற வேண்டும். தேறாவிட்டால் பட்டம் கிடையாது. பள்ளியிலேயே அந்த மொழியைக் கொஞ்சம் படித்துவிட்டு வந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று பார்க்க, சேர்ந்த கையோடு ஒரு சின்னத் தேர்வு வைப்பார்கள். முதல் படி, இரண்டாம் படி என்று நான்கு வகுப்புகள். உனக்கு எவ்வளவு தெரியுமோ அதற்கேற்ற வகுப்பில் போய் உட்கார். அவ்வளவுதான். சட்டைக்கு அளவு எடுப்பது மாதிரி. அளவு எடுக்கும்போது யாராவது, 'எங்க தம்பிக்கு இருக்கிறதுலயே பெரிய சைஸ் வரணும்' என்று வேண்டிக்கொள்வார்களா?

வேண்டிக்கொள்வார்கள்.

செக்கிங் அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைத் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேஜை. நாளைக்கு நானூறு சட்டை அவர் கையைத் தாண்டிப் போகும். அதில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தாலும், ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் தாண்டாது. படிப்பு பத்தாவதோடு சரி. அவருடைய தம்பிதான் அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள்.

"எனக்கு ரெண்டாம் படி கிடைச்சாப் போதும்க்கா. பள்ளிக்கூடத்துல படிச்சது அவ்வளவுதான்" என்றான் தம்பி.

"நாலு இருக்கும்போது ரெண்டு எதுக்குடா?" என்றார் அக்கா.

அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடியில், குளிர்சாதனப் பெட்டியில், தம்பியின் செருப்பு வைக்கும் இடத்தில் எல்லாம் பிரெஞ்சுச் சொற்கள் ஒட்டப்பட்டன. அக்காவுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. அதனால் என்ன? விடைகளோடு வந்த மாதிரி வினாத்தாளை வாங்கி, அறுபது கேள்விகளையும் சட்டை பார்ப்பது போலவே மேஜை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். அறுபதில் இருபத்து மூன்றுக்கு மூன்றாவது விடைதான் சரி!

"தெரிஞ்சதை எழுது. தெரியலைன்னா கண்ணை மூடிக்கிட்டு மூணாவதைப் போடு."

தேர்வன்று இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா கையில் பைல். பைலுக்குள் ஒவ்வொரு சான்றிதழுக்கும் மூன்று நகல், ஐந்து பேனா, இரண்டு கைக்குட்டை, தம்பி ஐந்தாம் வகுப்பில் நீளம் தாண்டியதற்கு வாங்கிய சான்றிதழ். அலுவலகக் குமாஸ்தாவைப் பிடித்தார்.

"சார், இதுல பாஸ் மார்க் எவ்வளவு?"

"பாஸ், ஃபெயில் எல்லாம் இல்லம்மா. எந்த வகுப்புல உக்கார வைக்கிறதுன்னு பாக்குறோம்."

"அது புரியுது சார். ஃபர்ஸ்ட் ரேங்க் ஒருத்தருக்குத்தானா?"

குமாஸ்தா குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். கடைசிவரை நிமிரவில்லை.

முடிவு வந்தது. நான்காம் படி! தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பொத்தான் துளை போடும் காஜா மெஷின் ஓட்டுகிறவரிலிருந்து கேட்டில் நிற்கும் காவலாளிவரை சேதி போனது. மதியத்துக்குள், "தம்பிக்கு வெளிநாட்டுல வேலையாமே?" என்று என்னிடமே நாலு பேர் விசாரித்துவிட்டார்கள்.

முதல் வகுப்பு முடிந்து தம்பி வீட்டுக்கு வந்தான்.

"வாத்தியார் ஒரு ஜோக் சொன்னாருக்கா. எல்லாரும் சிரிச்சாங்களேன்னு நானும் சிரிச்சேன். 'இதுல என்ன சிரிப்பு, சொல்லு'ன்னு என்னையே எழுப்பி விட்டுட்டார்."

"நீ என்னடா சொன்னே?"

"எனக்கு மனப்பாடமா இருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். ஜன்னல் மேல ஒரு பூனை இருக்கு."

"இருந்துச்சா?"

"ஜன்னலே இல்லக்கா."

பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தான். கீழ்ப் படிக்கு மாற வேண்டுமென்றால் முதல் வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். காப்பாளர் கையெழுத்து அவசியம். 'காரணம்' என்ற இடத்தில், 'பல கேள்விகளுக்குத் தெரியாமலே விடையளித்தேன்' என்று எழுதியிருந்தான். யார் சொல்லிக்கொடுத்து என்பதை எழுதவில்லை. நல்ல பையன்.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். தொழிற்சாலை முழுவதும் சொல்லியாகிவிட்டது. காவலாளி தினமும் எழுந்து நின்று வணக்கம் வைக்கிறார். இப்போது எந்த முகத்தோடு போவது?

"நாலுலயே இருந்தா என்னடா ஆகும்?"

"தேற மாட்டேன்க்கா. பட்டமும் வராது."

அக்கா பைலைத் திறந்தார். ஐந்து பேனாவையும் வரிசையாகக் கிறுக்கிப் பார்த்து, நன்றாக எழுதியதைத் தேர்ந்தெடுத்தார்.

"ஆளுக்குப் பொருந்தாத சட்டையை மாட்டி அனுப்பினா, செக்கிங்ல இருந்து நான் என்னத்தைக் கிழிச்சேன்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நகல் எடுக்கச் சொன்னார். மூன்று.

இதோடு திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை கேட்டிலேயே அவர் குரல் கேட்டது: "நாலாம் படி கொடுத்தாங்க, தம்பிதான் வேண்டாம்னுட்டான். அடிப்படையிலிருந்து ஒழுங்கா வரணும்னு அவனுக்கு. ரெண்டாம் படியில இப்போ அவன்தான் ஃபர்ஸ்ட். அந்த வகுப்புக்கு அவன் இன்னும் போகவே இல்லை, அது வேற விஷயம்." காவலாளி எழுந்து நின்று இன்னொரு வணக்கம் வைத்தார்.

தேர்வன்று கல்லூரி வாசலில் நடந்தது எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்பீர்கள். அன்று நானும் அங்கேதான் நின்றிருந்தேன், என் தங்கைக்குத் துணையாக. என் பைலில் ஆறு பேனா. தங்கைக்கு மூன்றாம் படி. அளவெடுக்கும்போது நெஞ்சை விரித்துக் காட்டாமல், தெரிந்ததை மட்டும் எழுதி வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் மேலே நான்கு படிகள் என்று படித்ததும், 'நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எது கிடைக்கும்?' என்று உங்கள் மனம் ஒரு விநாடி ஓடியதா? ஓடிப்போய் நான்கில் நின்றதா? அப்படியானால் பேனாக்களை எடுத்து வையுங்கள். அடுத்த தேர்வன்று வாசலில் பார்க்கலாம். கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடுங்கள்; கதவுக்கு நேர் எதிரே இருக்கும் இடம் என்னுடையது.