நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

பேஸ்மென்ட் உத்தரத்தில் நாற்பத்தோராவது தடவையாகத் தலையை இடித்துக்கொண்ட அன்று, அபிலியோ ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். உத்தரத்தை உயர்த்த முடியாது. அதன் மேல் வீடு இருக்கிறது. தலையைக் குறைக்கவும் முடியாது. உள்ளே ஒன்றுமில்லை என்று மனைவி இடலினா சொன்னாலும் அது அவருடைய தலை. ஆகவே, தரையைத் தாழ்த்துவது.

"ரெண்டரை அடி தோண்டப்போறேன்" என்று சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார். "ஒயின் பீப்பாய் ஒரு பக்கம், சீட்டாடுற மேஜை ஒரு பக்கம். நடுவுல நான் நிமிர்ந்து நிப்பேன்."

"இன்ஜினியரைக் கூப்பிட்டியா?"

"எதுக்கு? முப்பத்திநாலு வருஷம் டொராண்டோ முழுக்க கான்கிரீட் போட்டவன் நான்."

"நீ போட்டது நடைபாதை. நடைபாதை மேல வீடு கிடையாது."

"கான்கிரீட் எல்லாம் ஒண்ணுதான்."

"அஸ்திவாரத்துக்கு அடியில மண்ணை எடுத்துட்டா, வீடு எது மேல நிக்கும்?"

"பழக்கத்துல நிக்கும். நூறு வருஷமா நிக்குதில்ல?"

இடலினா கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி" என்றாள்.

முப்பத்தொன்பது வருஷ இல்லறத்தில் பின்னால் ஒரு 'ஆனா' இல்லாமல் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'சரி' அது. அப்போதே மனுஷன் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார்.

அது ஒட்டுவீடு. ஒரே கூரை, நடுவில் ஒரே செங்கல் சுவர். அந்தப் பக்கத்தில் கஸ்பார் இருந்தார். வாழ்நாள் முழுக்க அஸ்திவார வேலை பார்த்தவர். அபிலியோ ரேடியோவை உரக்க வைத்தால் சம்மட்டியால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார். இரண்டு குளிர்காலத்துக்கு முன், அந்தப் பக்கத்து பேஸ்மென்ட்டிலேயே கையில் சம்மட்டியோடு செத்துப்போனார். அவர் மனைவி எர்மீனியா வீட்டைப் பூட்டிவிட்டு ஹாமில்டனில் மகளோடு தங்கிவிட்டாள். அந்த ஜன்னல்களில் திரை இறங்கியே கிடந்தது.

நவம்பரில் அபிலியோ கடப்பாரையைத் தூக்கினார். அதே வாரம் இடலினா மத்தியானங்களில் நவநாள் ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தாள். ஒன்பது நாள் ஜெபம் எப்படி மார்ச் மாதம் வரை நீண்டது என்று அவர் கேட்கவே இல்லை. வீடு காலியாக இருந்தால் போதும் என்றிருந்தார்.

நான்கு சுவரையும் சுற்றி, தோண்டிக் கான்கிரீட் நிரப்பி அஸ்திவாரத்தைக் கீழே இறக்க, இருபத்தாறு இடம் சுண்ணக்கட்டியால் குறித்து நம்பர் போட்டார். நடுச்சுவர் அஸ்திவாரத்துக்கு அடியில் முதல் குழி. அதை ஒட்டியே இரண்டாவது. ஒன்றை ஒட்டி ஒன்றாகப் போனால் சீக்கிரம் முடியுமே என்பது நடைபாதைக்காரரின் ஞானம். மூன்றாவதற்கு மண்வெட்டியை வைத்தார்.

ஒரே ஒரு பல்பு. ஈரக் களிமண் வாடை. செங்கல் இடுக்கிலிருந்து மண் உதிர்ந்தது. அபிலியோ கையை நிறுத்தினார். மண் நிற்கவில்லை. சுவருக்குள் எங்கோ ஒரு முனகல் கேட்டது, சீக்காளி கட்டிலில் புரண்டு படுப்பதுபோல. மேலே சமையலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

டொம். டொம். டொம்.

நடுச்சுவரில். அந்தப் பக்கத்திலிருந்து.

அபிலியோ பாய்ந்துபோய் ரேடியோவை அணைத்தார். ரேடியோ ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் கீரை சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ஏன் முகம் இப்படி வெளுத்திருக்கு?" என்றாள் இடலினா.

"பசி."

"எனக்கும் மனசே சரியில்ல. கோயில்ல கொஞ்சம் கண்ணசந்தேன். கஸ்பார் கனவுல வந்தாரு."

கரண்டி சூப்பில் விழுந்தது. "என்ன சொன்னான்?"

"'பக்கத்துப் பக்கத்துக் குழியைச் சேர்த்துத் தோண்டினா வீடு குழிக்குள்ள உக்காந்துடும். விடியறதுக்குள்ள ரெண்டையும் கான்கிரீட் போட்டு அடைக்கச் சொல்லு'ன்னாரு. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. உனக்கு ஏதாவது?"

"எ... எனக்கும் புரியல" என்று எழுந்த அபிலியோ, நேராகச் சிமென்ட் மூட்டையிடம் போனார்.

அதற்குப் பிறகு கஸ்பாரைக் கேட்காமல் அவர் ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்கவில்லை. தினமும் மத்தியானம் சுவரின் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்.

"கஸ்பார், நாலாவது?" என்று கூவுவார்.

டொம். டொம். டொம்.

"ஏழு?"

நிசப்தம். தட்டாவிட்டால் சம்மதம். ஏழாவதைத் தோண்டுவார். மறுநாள் கான்கிரீட் நிரப்புவார். அது இறுகுவதற்குள் கை பரபரக்கும்.

"அப்போ எட்டு?"

சுண்ணாம்பு உதிரும்படி இடி விழும்.

"கோவிச்சுக்காதேப்பா! சும்மா கேட்டேன்!"

தட்டுவதையாவது தாங்கிக்கொள்ளலாம். காலடிகள்தான் அவர் உயிரை எடுத்தன. தினமும் காலையில் டன்டாஸ் தெரு பேக்கரியில் பால் காப்பியும் முட்டை டார்ட்டும் முடித்து, சிநேகிதர்களோடு ஊர்வம்பு பேசிவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவார். புதிதாகக் குழி தோண்டிய மறுநாளெல்லாம் பேஸ்மென்ட் படியில் களிமண் தடம் இருக்கும். சின்னப் பூட்ஸ். அவருடையதல்ல, இடலினாவுடையதும் அல்ல. நேராகக் குழிக்குள் இறங்கும். சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்கும். திரும்பி ஏறிப் போய்விடும்.

கஸ்பாருக்கோ பெரிய பாதம்.

"இடலினா, செத்தா கால் சுருங்குமா?"

"செத்தா எல்லாமே சுருங்கும்" என்றாள் அவள், பாத்திரம் துலக்கிக்கொண்டே.

சாந்தப்படுத்திப் பார்ப்போம் என்று ஒரு கோப்பை ஒயினைச் சுவரோரம் வைத்தார். மறுநாள் கோப்பை காலி. கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தது.

ஜனவரியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பதினெட்டாவது குழி முன்னால் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். அந்தச் சுவருக்கு நேர் மேலேதான் அவர்கள் கட்டில். முதல் தடவையாக அவருக்கு வீடு எவ்வளவு கனம் என்று உறைத்தது.

"கஸ்பார், நான் போனா போறேன். அவ இதுக்கு மேலதான் தூங்குறா. நான் தப்பா எதையாவது தொட்டா ஓங்கித் தட்டு. தயவுபண்ணி தட்டு."

அந்தப் பக்கம் யாரோ மூக்கைச் சிந்துவதுபோல ஒரு சத்தம். ஆவிக்குக்கூட ஜலதோஷம் பிடிக்கிற குளிர் என்று நினைத்துக்கொண்டு அவர் மண்வெட்டியை எடுத்தார்.

மார்ச் கடைசியில் இருபத்தாறாவது குழியும் நிரம்பி இறுகியது. தரையும் போட்டாயிற்று. அபிலியோ நடுவில் போய் நிமிர்ந்து நின்றார். தலை எதிலும் இடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது படியில் பூட்ஸ் சத்தம். சின்னப் பூட்ஸ்.

இறங்கி வந்தது ஆவியல்ல. மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண். "நோரீன் க்வான், இன்ஜினியர்" என்று கை கொடுத்துவிட்டு, ஒரு பிளானை விரித்துச் சுவர் நம்பர்களோடு ஒப்பிட்டாள். "முதல் ரெண்டு போக, குழி ஒவ்வொண்ணையும் கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி வந்து பார்த்தேன் சார். வரிசை அப்படியே பிளான்படி. இவ்வளவு ஒழுங்கா சொன்னதைக் கேக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல."

அபிலியோ அவள் பாதத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற இடலினாவைப் பார்த்தார்.

"நவநாள் ஜெபம்?"

"அந்தப் பக்கம் முழங்கால் போட்டுத்தான் இருந்தேன், கையில பிளானோட."

"கனவு?"

"இன்ஜினியர் சொன்னது."

"ஒயின்?"

"புளிப்பு ஜாஸ்தி." இடலினா கிட்டே வந்து அவர் சட்டையிலிருந்த தூசியைத் தட்டினாள். "பொண்டாட்டி சொன்னா கேக்கமாட்டே. படிச்சவங்க சொன்னா கேக்கமாட்டே. செத்தவன் சொன்னாதான் கேப்பே. நான் என்ன பண்ணட்டும்?"

அபிலியோவுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது நிம்மதிதான். பேயும் இல்லை, வீடும் விழவில்லை. "போகட்டும்" என்று பெருந்தன்மையாகச் சிரித்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. இனிமே நான் கடப்பாரையைத் தொடமாட்டேன்."

நோரீன் பிளானின் மடித்திருந்த மறுபாதியைப் பிரித்தாள். "அந்தப் பக்கத்துக்கும் பர்மிட் வந்தாச்சு. நடுச்சுவர் போக பத்தொன்பது குழி. எப்போ ஆரம்பிக்கிறீங்க சார்?"

"எந்தப் பக்கத்துக்கு?" என்றார் அபிலியோ.

"எர்மீனியா தன் வீட்டுச் சாவியை எனக்குச் சும்மாவா குடுப்பா?" என்றாள் இடலினா. "திங்கக்கிழமை வந்துடுவேன்னு நீயே சொன்னதா சொல்லிட்டேன்."