முன்சீப் எந்தக் கட்சி?

எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்த எந்த நீதிபதியும் 'சந்தேகம்' குமாஸ்தாவின் விசாரணைக்குத் தப்பியதில்லை. குமாஸ்தா ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நான் ஜூனியராக இருந்த வக்கீலிடம்தான் அவருக்கும் வேலை. ஜட்ஜ் எந்தக் கட்சி என்று தெரிந்தால் தீர்ப்பு தெரிந்துவிடும் என்பது அவர் கொள்கை. சிவப்பு மையில் கையெழுத்திட்ட ஒருவரைத் தோழர் ஆக்கினார். கதர்த் துண்டால் முகம் துடைத்த இன்னொருவரைக் கதர்க் கட்சியில் சேர்த்தார்.

புதிதாக வந்த முன்சீப் மட்டும் பிடிபடவில்லை. அவர் வீட்டுப் பழைய பேப்பர் போகும் கடைவரை குமாஸ்தா துப்பறிந்து வந்தார்.

"தம்பி, மூணு கட்சிப் பேப்பரும் கெடக்கு. ஆளு எம்புட்டு ஆழம் பாத்தியளா!"

அப்போது தேவதானம் பக்கத்து வழக்கு ஒன்று. எங்கள் வக்கீலின் கட்சிக்காரரான பண்ணையார் பொதுப்பாதையில் வேலி போட்டுவிட்டார். காலனிப் பெண்கள் தண்ணீருக்கு ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. "நானே வந்து பார்க்கிறேன்" என்றார் முன்சீப்.

எங்கள் வக்கீல் கொதித்தார். "ஜட்ஜுன்னா நாற்காலியில இருக்கணும். காட்டுல அலையறது அரசியல்!" அங்கே முன்சீப்புக்கு யார் சால்வை போடுகிறார்கள் என்று பார்த்துவர எங்கள் இருவரையும் அனுப்பினார்.

சால்வையும் இல்லை, கொடியும் இல்லை. குமாஸ்தா குழாயடியில் ஒரு பெண்ணிடம் கிசுகிசுத்தார். "ஏம்மா, அய்யா எந்தக் கட்சி?"

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி? செத்த நேரம் இதப் பிடிங்க" என்று நிறைகுடத்தை அவர் தோளில் ஏற்றிவிட்டாள்.

முன்சீப் திரும்பிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. நீங்களே தூக்கிட்டு நடங்க. எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்கிறேன்."

குமாஸ்தா நடந்தார். பாதி வழியில் எங்கள் கட்சிக்காரரின் வேலியைப் பார்த்து, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை சொன்னார்.

வேலியைப் பிரிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

"அந்தாளு எந்தக் கட்சிய்யா?" என்று வக்கீல் உறுமினார்.

குமாஸ்தா தோளைத் தடவினார். "அது தெரியல சார். ஆனா கொடம் கனம் சார்."

அப்பீலுக்காக வக்கீல் ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்தார். முன்சீப்பைக் காலனிக்காரர்கள் கட்சிக் கொடியோடு வரவேற்றதைக் குமாஸ்தா கண்ணால் கண்டதாக அதில் இருந்தது. பேனாவை நீட்டினார். குமாஸ்தா வாங்கவில்லை.

"சந்தேகப்படச் சொல்லுங்க, காலம்பூரா படுதேன். பாத்தேன்னு எழுதச் சொல்லாதிய."

அன்றே வேலை போனது.

சில வருடம் கழித்து நான் தனியாகத் தொழில் தொடங்கியபோது, முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். என்னுடன் வேலைக்கு வரும்படி கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார்.

"ஊர்ல இம்புட்டு குமாஸ்தா இருக்க, என்னைய எதுக்குக் கூப்பிடுதிய? யாரு சொல்லி வந்திய?"

யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் எனக்கு முன்பே வந்து, என் மேசையைத் துடைத்து வைத்திருந்தார்.